அக்கானியும் 'தடுப்பு' என்ற சொல்லும்

பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றின் பெயரில் இருப்பது கல், கள் அன்று. லகர ளகர வேறுபாட்டை இவ்வளவு கண்டிப்பாகப் பேணும் மொழியில், உயிர்வேதியியலின் இருவேறு நிகழ்வுகளைத் 'தடுப்பு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நீடிப்பது வியப்பே. அதனால் மாணவர் இழப்பது என்ன என்பதை, கல்லாற்றுக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை முதல் குமரி வரை வழங்கும் அக்கானியைக் கொண்டே காட்டலாம்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் பனஞ்சாறு அக்கானி, பூசாவிட்டால் கள். சாற்றின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். ஈஸ்ட், இன்வர்டேஸ் என்னும் நொதியைச் செல்லுறைப் பகுதிக்கு அனுப்பி, சுக்ரோஸின் பெரும்பங்கை அங்கேயே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளந்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்நொதிக்கு மிதமான அமிலச் சூழல் வேண்டும். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டின் வளர்ச்சியையும் முடக்குகிறது, நொதியின் வேலையையும் கெடுக்கிறது. நொதி இருந்தும் பயனில்லை.

செல்லுக்குள்ளும் இவ்வகைக் கட்டுப்பாடு உண்டு. ஏடிபி மிகுந்தால் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் தளர்கிறது. ஏஎம்பி கூடினால் மீண்டும் விரைகிறது. எல்லாம் கண நேரத்தில் நிகழ்வன. இதைத் தடுப்பு என்பது பொருத்தமே.

குளுக்கோஸ் நிறைந்திருக்கும்போது நிகழ்வதோ வேறு. மிக்-1 என்னும் புரதம் இன்வர்டேஸின் மரபணுவை அடக்கிவிடுகிறது. புதிய நொதி அரிதாகவே உருவாகிறது. குளுக்கோஸ் குறைந்ததும் எஸ்என்எஃப்-1 என்னும் கைனேஸ் மிக்-1ஐ உட்கருவிலிருந்து வெளியேறச் செய்கிறது. (சுக்ரோஸை நொதிக்க இயலாத ஈஸ்ட்டுகளை ஆராய்ந்து அந்த மரபணுவை 1981இல் அறிவித்தது மரியன் கார்ல்சன், டேவிட் பாட்ஸ்டீன் குழு.) இங்கே முன்பே உருவான நொதி வேலையை நிறுத்துவதில்லை. செல்கள் பெருகப் பெருக அதன் பங்கு குறைகிறது, அவ்வளவே. இதையும் 'தடுப்பு' என்றே படிக்கும் மாணவர், குளுக்கோஸ் சேர்த்தவுடன் இன்வர்டேஸ் நின்றுவிடும் என எதிர்பார்ப்பார். ஆய்வகத்தில் நொதி வினைபுரிந்துகொண்டே இருக்கும்போது தம் அளவீட்டையே ஐயுறுவார்.

'ஒடுக்கம்' எனலாமே என்பர் சிலர். வேதியியல் பாடநூல்கள் அச்சொல்லை ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்கு முன்பே கொடுத்துவிட்டன. கள்ளில் அசிட்டால்டிஹைடு எத்தனாலாக மாறும் இறுதிப் படியே ஓர் ஒடுக்கம்தான். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். 'அடக்கம்' என்றால் மயானம் நினைவுக்கு வருகிறது. 'அடக்கல்' தகும்: நொதித் தடுப்பு, மரபணு அடக்கல்.

ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்தால் போதாதா என்ற கேள்வியும் எழும். இன்வர்டேஸ் ஒரு பெயர். அப்படியே வந்தால் இழப்பில்லை. ஒன்று மற்றொன்றை என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வினைச்சொல் வேண்டும். பனையேறியின் பேச்சிலும் அது தமிழாகவே இருக்கிறது.