ஊர் ஏரியும் தூண்டிலும்

ஓய்வு நாளில் குழந்தைகளுடன் மீன் பிடிக்க விரும்பும் குடியானவர் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. ஏரிகளுக்குப் பெயர்பெற்ற செங்கற்பட்டுச் சீமையில் ஊருக்கு அருகிலேயே அதற்கு இடமுண்டு. கெண்டை, கெளுத்தி, விரால் ஆகியவை அங்கே அகப்படும். கழியும் நரம்பும் முள்ளும் மண்புழுவுமே போதும்.

ஆனால் இடமறிந்து உட்காருதல் அவசியம். மதகின் வாயில் நீரின் இழுப்பு அதிகம். கலிங்கல் வழியுங்காலத்தில் அதன் கற்கள் வழுக்கும். இவற்றினும் கொடியது கோடையில் வண்டல் எடுத்த குழி. மழைக்குப்பின் அது கண்ணுக்குப் புலப்படாது. முழங்கால் நீரென்று இறங்கும் பிள்ளை ஆளுயரப் பள்ளத்தில் அமிழ்ந்துவிடும். வயலுக்கு வண்டல் அடிக்கும்படி கூறுகிறவன் நானே. ஆகையால் இதைச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. செங்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டி, ஓரத்தில் கழி நட்டு அடையாளமிடுதல் வேண்டும்.

செந்நிறக் குஞ்சுகள் திரளாய் மேலெழும் இடத்தில் விராலைப் பிடித்தலாகாது. அவற்றைக் காத்துநிற்பது பெற்ற மீனே. அது போனால் குஞ்சுகளும் பிற மீன்களுக்கு இரையாகும். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடித்தலை 1897ஆம் வருஷத்துச் சட்டமே விலக்கியது.

இனி, மீன் பாசி குத்தகை. முதலிட்டுக் குஞ்சு விட்டவர் நஷ்டத்துக்கு அஞ்சித் தூண்டிற்காரரை விரட்டுவது இயல்பே. ஆயினும் ஒரு குடும்பம் தூண்டிலால் பிடிப்பது ஒருவேளைக் குழம்புக்கு மேற்படாது. ஆதலால் ஏலம் விடும்போதே, குழியற்ற ஆழங்குறைந்த கரையொன்றை ஊராரின் தூண்டிலுக்கென ஒதுக்கி நிபந்தனையிற் சேர்த்தல் நலமென்பது என் அபிப்பிராயம்.