கஞ்சாவும் காரணமற்ற பயமும்

எல்லாரும் தன்னையே கவனிக்கிறார்கள், தனக்குக் கெடுதி செய்யப் பார்க்கிறார்கள் என்று ஓர் இளைஞன் சொல்லத் தொடங்கினால், பேய்க்கோளாறு என்றோ, அயலவர் வைத்த சூனியம் என்றோ நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அவன் கஞ்சா பாவிக்கிறானா என்று முதலில் விசாரிப்பதே நல்லது.

கஞ்சாவிலுள்ள டி.எச்.சி. என்னும் பொருள், மூளையில் ஆபத்தை உணர்த்தும் பகுதியையும் பாதிக்கிறது. அதனால் சாதாரணப் பேச்சும் பார்வையும் பகையாகத் தோன்றலாம். 2014இல் வெளியான ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் 121 பேர் பங்குபற்றினர். டி.எச்.சி. ஊசி ஏற்றப்பட்டவர்களில் பாதிப்பேருக்கு இத்தகைய சந்தேகம் உண்டானது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 30 சதவீதத்தினருக்கே உண்டானது. கவலையும் மனச்சோர்வும் கூடியதும், புலன்கள் தடுமாறியதும் அச்சத்தை வளர்த்தன என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்த நமக்குக் கவலை ஏற்கெனவே உண்டு. அதை மறக்கவென்று கஞ்சா புகைப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும்.

பயந்தவனை ஏசுவதாலோ அயலவரோடு சண்டை பிடிப்பதாலோ பயனில்லை. அமைதியான இடத்தில் அவனோடு கூட இருப்போம். பெரும்பாலும் சில மணி நேரத்தில் பயம் தணிந்துவிடும். தணியாவிட்டால், மந்திரிப்பவரைத் தேடி நாட்களைக் கடத்தாமல், டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வோம். அங்கே உண்மையை மறைக்காமல் சொல்வோம்.