நடுங்கும் கைக்கு யார் பொறுப்பு?

வயதானால் கை நடுங்கத்தான் செய்யும், களைக்கொல்லி மீது ஏன் பழி என்று கேட்கிறார்கள் மருந்து முதலாளிகளுக்குப் பரிந்து பேசுவோர். வயது எல்லோருக்கும்தான் ஏறுகிறது. வயலில் மருந்தடித்தவனை ஏன் இந்நோய் அதிகமாகத் தேடி வருகிறது என்று நாம் கேட்கிறோம்.

பாராக்வாட் 1962ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த களைக்கொல்லி. அதையோ, ரோட்டெனோன் என்னும் பூச்சிமருந்தையோ கையாண்டவர்களிடம் பார்க்கின்சன் நோய் சுமார் இரண்டரை மடங்கு காணப்பட்டதென 2011ல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறிற்று. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் சாவதால் வருவது இந்நோய். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். பாராக்வாட் செலுத்திய எலிகளிடமும் அதே செல்கள் அழிந்ததைச் சோதனைச் சாலைகள் கண்டன.

முற்றாக நிரூபணமாகவில்லை என்பது அவர்களுடைய கடைசிக் கேடயம். முதுமைக்கும் பரம்பரைக்கும் பங்குண்டு, நாம் மறுக்கவில்லை. ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்கு? விஷத்துக்கா, அதை முதுகில் சுமப்பவனுக்கா?

2007ல் ஐரோப்பிய நீதிமன்றம் பாராக்வாட்டுக்கு அளித்த அனுமதியை ரத்துச் செய்தது. அதன் பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஆலைச் சரக்கு பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் கப்பலேறியது. தன் வயலுக்கு ஆகாதது அடுத்தவன் வயலுக்கு ஆகுமா?

கேரளம் 2011ல் தடுத்தது. பூச்சிமருந்தைக் கையாண்ட விவசாயத் தொழிலாளிக்கு வரும் பார்க்கின்சனை பிரான்ஸ் 2012ல் தொழில் நோயாக ஏற்றது. அங்கே கிடைத்த உரிமை இங்கே ஏன் கூடாது?

பாராக்வாட்டை நாடெங்கும் தடை செய்! நடுங்கும் கைக்கு நஷ்ட ஈடு கொடு! சங்கம்தோறும் இக்கோரிக்கை எழட்டும்!