மனையடி சாஸ்திரமும் கொத்தனார் கணக்கும்

நம் செட்டிநாட்டில் ஒருவன் வீடு கட்டவேண்டுமென்று நினைத்தால் முதலில் பணத்தைத் தேடுகிறான். இரண்டாவது மனையடி சாஸ்திரக்காரனைத் தேடுகிறான். கட்டட வேலை படித்த எஞ்சினீயரைக் கடைசியாகத்தான் தேடுகிறான். அதுவும் பிளான் பாஸாக ஒரு கையெழுத்து வேண்டுமே என்பதற்காக.

இருவரும் விதிதான் சொல்லுகிறார்கள். 7 அடி அறை தரித்திரம், 8 அடி அறை பாக்கியம் என்கிறான் சாஸ்திரக்காரன். சிமிட்டியில் இவ்வளவு தண்ணீருக்குமேல் ஊற்றாதே, கம்பியை வெளியே தெரியவிடாதே என்கிறான் எஞ்சினீயர். பாமர மக்கள் இரண்டையும் ஒரே ஜாதி விதி என்று கருதி, "எதற்கும் இருக்கட்டும், இரண்டையும் பார்த்துவிடுவோம்" என்கிறார்கள். இந்த "எதற்கும் இருக்கட்டும்" என்பதிலேதான் நம் நாட்டுப் புரோகிதப் பிழைப்பு அவ்வளவும் அடங்கியிருக்கிறது.

7 அடி என்கிறானே, எந்த அடி என்று யாராவது கேட்டோமா? வீட்டுக்காரன் காலடியா, தச்சன் முழக்கோலா, வெள்ளைக்காரன் கொண்டுவந்த 12 அங்குல அடியா? 1958 முதல் சர்க்கார் மீட்டர் அளவைக் கொண்டுவந்தது. 7 அடி என்பது 2 மீட்டர் 13 சென்டி ஆயிற்று. தரித்திரமானது டேப்பின் எந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைகிறது?

நிற்க, இந்தப் பிரதேசத்து வளவு வீடுகளையே எடுத்துக்கொள்ளுவோம். சாஸ்திரம் பாராமல் அவற்றில் ஒரு நிலை வைத்திருப்பார்களா? முகப்பு முதல் இரண்டாங்கட்டு வரையில் எல்லாம் நாள் பார்த்து, கோள் பார்த்து, அளவு பார்த்துக் கட்டினவைதான். ஆனால் 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். பர்மாவில் போட்ட பணம் போயிற்று. 1948-ல் அந்நாட்டுச் சர்க்கார் நிலங்களைத் தேசியமாக்கச் சட்டம் செய்தது. அதன் பிறகு எத்தனை வளவுகள் பூட்டிக் கிடந்தன! எத்தனை தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன! "பாக்கியம்" தரும் 8 அடி அப்போது எங்கே போயிருந்தது?

பாக்கியம் நிற்கவில்லையே தவிர, வீடு நின்றது. அது ஏன் நின்றது? இதைத்தான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். பழையதென்றால் எல்லாம் குப்பை என்று பேசுவது பகுத்தறிவாகாது. சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறவிட்டான் கொத்தனார். கடுக்காய்த் தண்ணீர் விட்டான். மாவாய் அரைத்து முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஒரு பூச்சின்மேல் ஒரு பூச்சாக ஏற்றி மெருகு தேய்த்தான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. ஆகையால்தான் பொறுமையாக மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். ஓட்டுக் கூரையைச் சரித்து மழைநீரை முற்றத்தில் விழச் செய்தான். அதே முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் கொடுத்தது. இவை எல்லாம் விதிகள்தாம். தப்பினால் சுவர் கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பினாலும் தப்பாவிட்டாலும் காட்டிக்கொடுக்க எதுவுமில்லாததுதான் சாஸ்திரக்காரன் விதி. வீட்டில் ஒருவர் செத்தால் அளவு பிசகு என்பான். பிசகில்லாவிட்டால் ஜாதகம் என்பான்.

இக்காலத்துக் காங்கிரீட்டுக்கும் இப்படியே. வேலை லேசாக வேண்டுமென்று ஒரு வாளி தண்ணீரை அதிகமாக ஊற்றினால், அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் பொத்தலாகும். பொத்தல் வழியாக ஈரமும் உப்பும் போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்தே காங்கிரீட்டை வெடிக்க வைக்கும். இந்தத் துருவைப்பற்றி ஆராய நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அஸ்திவாரம் போட்டு, 1953-ல் திறக்கப்பட்டது. அதன் வாசல் வழியாகத்தான் வாஸ்துப் பலகை மாட்டினவன் வீட்டுக்கு நம்மவர்கள் போகிறார்கள்!

இனி உயிர் போகும் விஷயத்துக்கு வருவோம். கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்கவேண்டுமாம். கக்கூசுத் தொட்டி வாயு மூலையில், அதாவது வடமேற்கில் இருக்கவேண்டுமாம். சரி, ஒரே தெருவில் சுவரோடு சுவராக இரண்டு வீடு இருக்கிறது. இருவரும் பரம ஆஸ்திகர்கள். சாஸ்திரத்தை ஒரு நூலும் தவறாமல் அனுசரிக்கிறார்கள். உங்கள் வீட்டு வடகிழக்கை ஒட்டியிருப்பது எது? கிழக்கு வீட்டுக்காரனின் வடமேற்கு! உங்கள் கிணறும் அவன் மலத்தொட்டியும் ஒரு சுவருக்கு இப்புறமும் அப்புறமும். இருவரும் சாஸ்திரப்படி நடந்ததற்குப் பலன் பேதி.

1854-ல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற வைத்தியர் செத்தவர்கள் வீடுகளைக் குறித்துக்கொண்டு போய், ஒரு தெருக் குழாயண்டை நின்றார். மூலையை அவர் பார்க்கவில்லை. தூரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். ஊறுகுழிக்கும் கிணற்றுக்கும் 50, 60 அடியாவது வேண்டுமென்று இன்று எஞ்சினீயர் சொல்லுவது, அழுக்குநீர் மண்ணில் மெதுவாக வடிந்து கிருமி சாவதற்கு வேண்டிய தூரம். பாறை வெடிப்புள்ள இடமானால் அதுவும் போதாது. காரணத்தோடு வந்த விதியாகையால் இடத்துக்குத் தக்கபடி மாறுகிறது.

"எஞ்சினீயர் கட்டினதும் இடிகிறதே, மௌலிவாக்கத்தைப் பார்க்கவில்லையா?" என்பார்கள். பார்த்தோம். 28-6-2014-ல் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். ஆனால் விசாரணைக் கமிஷன் போட்டு, மண் எவ்வளவு தாங்கும், தூண் எவ்வளவு தாங்கும், ஏற்றின பாரம் எவ்வளவு என்று கணக்கைத் திறந்து பார்க்க முடிந்தது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடமும் ஆபத்தென்று கண்டு 2-11-2016-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். சாஸ்திரத்தை நம்பித் தாங்கு தூணை இடித்து வாசலை மாற்றினவன் வீடு விழுந்தால், எந்தக் கமிஷன் எந்தச் சாஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்தது?

ஆகவே மழைக்கு முன் குழி தோண்டப்போகும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. திசைகாட்டியை வீட்டில் வைத்துவிட்டு டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரரையும், அவர் எந்த ஜாதியானாலும் எந்த மதமானாலும், கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் கிணற்றிலிருந்து உங்கள் குழிக்கும், உங்கள் கிணற்றிலிருந்து அவர் குழிக்கும் இருவரும் சேர்ந்து அளந்து பாருங்கள். இதற்குத் தட்சணை கிடையாது.