எந்தக் கருகல்?

சென்ற பருவத்தில், சத்தியவேட்டுப் பக்கம் எல்லையோர மருந்துக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். நடுவயதைக் கடந்த விவசாயி ஒருவர் பையிலிருந்து நான்கு தக்காளி இலைகளை எடுத்து மேசைமேல் வைத்து, "கருகல் வந்துடுச்சுப்பா" என்றார். கடைக்காரர் இலைகளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், மெட்டலாக்சில் 8 விழுக்காடும் மேன்கோசெப் 64 விழுக்காடும் கலந்த தூள் பொட்டலத்தை நீட்டினார். இலைகளிலோ வளையத்துக்குள் வளையமாகப் பழுப்புப் புள்ளிகள், அவற்றைச் சுற்றி மஞ்சள் விளிம்பு. ஐயத்துக்கு இடமில்லாத முன்கருகல். இதை அவருக்குச் சொல்லத் தகுந்த சொற்களை நான் தேடிக்கொண்டிருந்தபோதே அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

முன்கருகல் ஆல்டர்னேரியா என்னும் பூஞ்சையால் வருவது. பின்கருகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா மெய்யான பூஞ்சையே அன்று. பாசிகளுக்கு நெருங்கிய உறவுடைய வேறொரு குலம். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது அதுதான். மெட்டலாக்சில் அந்தக் குலத்தைத் தாக்கவே உருவான மருந்து. ஆல்டர்னேரியாவிடம் அதற்கு வேலை இல்லை. பொட்டலத்தில் இருந்த மேன்கோசெப் ஓரளவு காத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் விலையுயர்ந்த மறுபாதிக்கு அவர் கொடுத்த காசு மண்ணில் போயிற்று. தென்னிந்தியாவில் 2009–10 முதல் 13_ஏ2 என்ற வீரியமிக்க பின்கருகல் வகை தக்காளியையும் தாக்கி வருவதால், கடைக்காரரின் அச்சத்தையும் முற்றாகக் குறைசொல்ல இயலாது. இரண்டும் இங்கே உண்டு. ஆகவேதான் எது எது என்று பிரித்தறிவது முதல் வேலையாகிறது.

பெயரே குழப்பம் தருவது. 'முன்' என்றதும் இளம்பயிரின் நோய் என்று எண்ணத் தோன்றும். வயலில் நிலைமை நேர்மாறு. அடியில் இருக்கும் மூத்த இலைகளில் தொடங்கி, காய்ப்பாரம் ஏறிய, தழைச்சத்துக் குன்றிய செடியில் விரைந்து மேலேறுவது இந்நோய். 1882இல் நியூஜெர்சியின் உருளைக்கிழங்கு இலைகளிலிருந்து எல்லிஸும் மார்ட்டினும் இப்பூஞ்சையை விவரித்தனர். பின்கருகலுக்கு முந்தி வருவதால் குளிர்நாட்டார் வைத்த பெயரை நாம் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டோம். சத்தியவேட்டில் இக்குழப்பம் இன்னும் ஒரு மடங்கு அதிகம். 1960 ஏப்ரல் 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற பகுதி இது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு, பொட்டலத்தின் முகப்பில் ஆங்கிலம். அந்த விவசாயிக்குத் தன் இலையின் நோயை முழுமையாகச் சொல்ல எந்த மொழியிலும் ஒரு சொல் வாய்க்கவில்லை. பல ஆண்டுகள் படித்த எனக்கும் வாய்க்கவில்லை என்பதுதான் வெட்கம்.

இனி நம்மைப் பற்றி. ஆல்டர்னேரியா குறித்த நம் ஆய்வேடுகளில் ஒரு வார்ப்பு உண்டு: நோயுற்ற இலையிலிருந்து பூஞ்சையைப் பிரித்தெடு, வளர்ஊடகத்தில் நஞ்சு கலந்து எட்டுப் பத்து மருந்துகளைச் சோதி, வேப்பிலைச் சாறும் பூண்டுச் சாறும் சேர், டிரைக்கோடெர்மாவை எதிரே வை, வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அள. நானும் இதைச் செய்தவன்தான். பட்டம் பெற இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. வழிகாட்டிகள் கோபிக்கலாம், ஆனால் கண்ணாடித் தட்டில் சோர்ந்த செடி இல்லை, இரவுப் பனி இல்லை, சென்ற பருவத்துத் தழைக்கழிவு இல்லை. இம்மூன்றும் இல்லாமல் முன்கருகல் இல்லை.

விலையும் அங்கே இல்லை. பழைய சித்தூர் மாவட்டத்தின் மேற்கே, மதனப்பள்ளிச் சந்தையை நம்பி வாழ்வோர் இதை அறிவர். 2023 ஜூலையில் தக்காளி சில்லறையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ஒவ்வோர் இலையும் காக்கப்பட்டிருக்கும். பறிகூலிக்கும் கட்டாத விலை வரும்போது வயல் அப்படியே கைவிடப்படுகிறது. அழுகும் செடிகளில் பூஞ்சை கரிய இழைகளாக ஓராண்டுக்கு மேலும் உயிர்வாழும். அண்டை வயலின் அடுத்த பயிருக்கு அதுவே வித்து. விலைவீழ்ச்சி நோய்ப்பரவலின் காரணிகளுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன். அதை அளந்து பார்க்க நம் துறை முன்வருமா? பொருளியல் துறைக்குத் தள்ளிவிடுவோம் என்றே அஞ்சுகிறேன்.

பூஞ்சையோ காத்திருப்பதில்லை. அசாக்ஸிஸ்ட்ரோபின் அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே எஃப்129எல் என்ற ஒற்றை மரபணு மாற்றத்தால் அதன் கூர் மழுங்கியது. அதே மருந்து நம் கடைகளிலும் விற்கிறது. நம் வட்டாரப் பூஞ்சைகளில் அந்த மாற்றம் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை ஆண்டுதோறும் கண்காணிப்பது, இன்னுமொரு வேப்பிலைச் சாற்றுச் சோதனையைவிடப் பயனுள்ள ஆய்வுத்தலைப்பு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் மூன்று நோய்களைத் தாங்கும். முன்கருகலும் அவற்றுள் ஒன்று. ஆயினும் அந்தத் தாங்குதிறன் பல மரபணுக்களின் கூட்டு வேலை. சோர்ந்த செடியில் அதுவும் தளரும்.

என் ஆய்வேட்டின் பின்னிணைப்பாக, இரு கருகல்களையும் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒற்றைத் தாள் ஒன்றைத் தயாரித்திருக்கிறேன்: ஒருபுறம் வளையப் புள்ளி, மறுபுறம் நீர்தோய்ந்த கறையும் இலையடியில் வெண்பூச்சும். தமிழ் வரிகள் ஆயத்தம். தெலுங்கு வரிகள் புத்தகத்தனமாக இருப்பதாக அம்மா சொல்கிறார். திருத்தித் தரக்கூடியவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள். அடுத்த நடவுக்குள் அச்சிட வேண்டும்.