சிமினியை அடைத்துவிட்டு எதற்கு பயர்பிளேஸ்?



கொஞ்சம் நீளமான பதிவு. நுவரெலியா, பண்டாரவளை, அப்புத்தளை, தியத்தலாவ பக்கம் பழைய பங்களா வீடு வைத்திருப்பவர்கள், வாங்கித் திருத்தி வாடகைக்கு விட நினைப்பவர்கள், லீவுக்குப் பிள்ளைகளோடு அங்கே போய்த் தங்குபவர்கள் கடைசி வரை வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

இப்போது மலைநாட்டில் ஒரு நோய் பரவுகிறது. பழைய வீட்டை வாங்குகிறோம். முதலில் கை வைப்பது ஹோலில். ஹோலில் முதலில் கை வைப்பது பயர்பிளேஸில். பழைய கருங்கல்லின் மேல் பளபளக்கும் டைல்ஸ். அதற்கு மேலே பிவிசி பேனல், ஜிப்சம், நீல நிற எல்இடி. அதன் நடுவில் 65 அங்குல டிவி. மழைத்தண்ணீர் வருகிறது, குருவி கூடு கட்டுகிறது என்று கூரையில் ஏறி சிமினி வாயை ஒரு கொங்கிரீட் பலகையால் மூடிவிடுகிறோம். கீழே குழிக்குள் இரும்புத் தட்டியும் நாலு விறகும் அழகுக்கு அடுக்கி, படம் எடுத்து, "பயர்பிளேஸ் உள்ள பங்களா" என்று விளம்பரம் போடுகிறோம்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். என் கோபம் அழகைப் பற்றியது இல்லை. உங்கள் வீட்டு டைல்ஸின் நிறம் உங்கள் விருப்பம். என் கோபம் அந்த நாலு விறகைப் பற்றியது.

ஏனென்றால் அதை யாரோ ஒருவர் பற்றவைப்பார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் சில இரவுகளில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊர். கல்முனையிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வருகிற குடும்பத்துக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. இரவு பத்து மணிக்குப் பிள்ளை நடுங்குகிறது. கண் முன்னால் பயர்பிளேஸ், உள்ளே விறகு, பக்கத்தில் நெருப்புப் பெட்டி. "இது சும்மா ஷோவுக்கு" என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. பற்றவைக்காமல் என்ன செய்வார்கள்?

விறகென்றால் புகை ஹோலுக்குள் திரும்பும், கண் எரியும், எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். அதுவாவது பரவாயில்லை. மோசமானது கரி. "விறகு புகையுது, சிரட்டைக் கரி போடுங்க, புகையே வராது" என்று வாச்சரே தட்டில் கொண்டுவந்து வைக்கிற வீடுகள் இருக்கின்றன. பார்பிகியூவுக்கு வாங்கிய மிச்சக் கரி.

இங்கேதான் பத்தாம், பதினோராம் வகுப்பில் படித்ததை மறந்துவிடுகிறோம். காபன் எரியும்போது போதுமான ஒட்சிசன் கிடைத்தால் காபனீரொட்சைட்டு. போதாவிட்டால் காபனோரொட்சைட்டு. கரி புகையாததற்குக் காரணம், புகையாகப் போகவேண்டிய பொருள்கள் கரி சுடும்போதே போய்விட்டன. மிச்சம் இருப்பது அநேகமாகக் காபன். அது தணலாகக் கனன்றுகொண்டே காபனோரொட்சைட்டை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, வாந்தி. வளைவு வளைவாக மலையேறி வந்தவர்கள் அதை என்ன நினைப்பார்கள்? "பஸ்ஸில வந்த மயக்கம், படுத்தால் சரியாகிடும்" என்றுதானே. படுத்துவிடுவார்கள். தூக்கத்தில் அது யாரையும் எழுப்பாது.

புகையைக் கண்டால் ஓடுகிறோம். புகையில்லாததை நம்பிப் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கிறோம். தூங்கும் முன் வீட்டு நெருப்பை அணைத்துவிடச் சொல்லி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்ததை மதரசாவில் சின்ன வயதிலேயே படித்த சமூகம் நாம்.

இனி வழக்கமாக வரும் பதில்களுக்கு வருவோம்.

"நாங்க சிமினியை மூடல்ல, திறந்துதான் இருக்கு."

நல்லது. ஆனால் ஹோலைத் திருத்தும்போது வேறு என்ன செய்தீர்கள்? பழைய மரச் ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் போட்டீர்கள். கதவுக்குக் கீழே ரப்பர் அடித்தீர்கள். பலகைச் சீலிங்கின் இடுக்குகளை ஜிப்சத்தால் மூடினீர்கள். பயர்பிளேஸ் எப்படி வேலை செய்கிறது? சூடான வளி மேலெழும். மேற்காவுகை. அது சிமினி வழியாக வெளியேறும்போது, அதே அளவு வளி அறைக்குள் வந்தாகவேண்டும். பழைய வீட்டில் அது ஜன்னல் இடுக்கால், கதவுக்குக் கீழால் வந்தது. "காத்து அடிக்குது" என்று நீங்கள் குறைசொன்ன அந்த இடுக்குதான் நெருப்புக்கு மூச்சு. அதை அடைத்தால் சிமினி இழுக்காது. கூடவே பென்ட்ரியில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேனும் ஓடினால், அது சிமினி வழியாகவே வளியைக் கீழே இழுத்து, புகையையும் வாயுவையும் ஹோலுக்குள் கொண்டுவரும். சிமினி திறந்திருந்தும் வீடு நஞ்சாவது இப்படித்தான்.

"குழி சின்னதா இருந்துச்சு, உடைச்சுப் பெரிசாக்கினோம், இப்பதான் பங்களா மாதிரி இருக்கு."

கணக்கைப் பாருங்கள். புகைவழியின் குறுக்குப் பரப்பு, குழி வாயின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்பது பழைய கட்டட விதி. குழி வாய் 3 அடி அகலம், 2½ அடி உயரம் என்றால் 1,080 சதுர அங்குலம். அதற்கு 108 சதுர அங்குலப் புகைவழி, அதாவது 9க்கு 12 அங்குலம், சரியாகப் போதும். அதை 5 அடிக்கு 3 அடியாக உடைத்தீர்கள். 2,160 சதுர அங்குலம். இப்போது 216 சதுர அங்குலம் தேவை. சுவருக்குள் இருப்பதோ அதே 108. பாதிதான். மிச்சப் புகை எங்கே போகும்? உங்கள் புது சோபாவுக்கு. பிறகு "பழைய பயர்பிளேஸ் சரியில்ல" என்று கல்லின் மேல் பழி.

அந்தக் குழி சும்மா சின்னதாகக் கட்டப்படவில்லை. ரம்ஃபோர்ட் பிரபு என்ற விஞ்ஞானி 1796இலேயே இதைப் பற்றி எழுதினார். குழி ஆழம் குறைவாகவும், பக்கச் சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்து விரிந்தும், தொண்டை ஒடுங்கியும் இருந்தால்தான் புகை மேலே போகும், வெப்பம் அறைக்கு வரும் என்று காட்டினார். பழைய பங்களாவில் சாய்ந்த பக்கச் சுவரைப் பார்த்தால் "பாஸ் கோணலாக் கட்டிட்டான்" என்று நிமிர்த்திவிடாதீர்கள். அந்தக் கோணல்தான் கதிர்வீசலை உங்கள் பக்கம் திருப்புகிறது.

"வெள்ளைக்காரன் கட்டினது, அதைக் காப்பாத்தி நமக்கென்ன?"

திட்டம் வெள்ளைக்காரன் போட்டிருக்கலாம். கல்லை உடைத்ததும் சுமந்ததும் இந்த நாட்டுக் கைகள். அந்தக் கருங்கல் சூட்டையும் புகையையும் தாங்கி இத்தனை காலம் நின்றிருக்கிறது. நீங்கள் ஒட்டிய டைல்ஸ், சாதாரணப் பசையில் ஒட்டியதென்றால், சில நாள் சூட்டிலேயே கழன்று விழத் தொடங்கும். பிவிசி பேனல் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகும். எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு என்ற நச்சு வாயு. டிவியோ பொதுவாக 40 பாகை வரைக்கும்தான் தாங்கும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கும். நெருப்புக்கு நேர் மேலே அதை மாட்டுவதற்கு யார் யோசனை சொன்னது?

"சரி சேர், அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

இரண்டே வழி. ஒன்று, எரிகிற பயர்பிளேஸ். மற்றது, எரியாத பயர்பிளேஸ். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கிடையாது.

எரிய வேண்டுமென்றால்: முதலில் சிமினியைத் துப்புரவாக்குங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது. உள்ளே படியும் கரித் தார் ஒரு நாள் தீப்பிடிக்கலாம். மேலே கொங்கிரீட் மூடிக்குப் பதிலாக, பக்கங்கள் திறந்த தொப்பியும் கம்பி வலையும் போடுங்கள். மழையும் வராது, குருவியும் வராது, புகை போகும். ஈர விறகு வேண்டாம். சவுக்கோ யூகலிப்டஸோ, பிளந்து ஆறு மாதமாவது காயவைத்தது வேண்டும். குழிக்கு முன்னால் 16 அங்குலம், இரு பக்கமும் 8 அங்குலம் எரியாத தரையாக விடுங்கள். பெரிய குழி என்றால் 20ம் 12ம். கார்பட் அதற்கு அப்பால்தான். பலகை வேலை எதுவும் குழி வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் வரக்கூடாது. துருத்திக்கொண்டிருக்கும் மேல்தட்டு மரமென்றால் 12 அங்குலம். முன்னால் கம்பி வலைத் தடுப்பு, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம். எரிக்கும்போது ஒரு ஜன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். புகைவழியின் இரும்புக் கதவைத் தணல் முழுதாக அணையும் முன் மூடாதீர்கள். காபனோரொட்சைட்டு அலாரம் என்று பற்றரியில் இயங்கும் சின்னக் கருவி இருக்கிறது. புகை அலாரம் வேறு, இது வேறு. எல்இடிக்குச் செலவழிக்கிற காசில் அதை வாங்கலாம்.

எரிய வேண்டாமென்றால்: நேர்மையாக மூடுங்கள். தட்டியை எடுத்துவிடுங்கள். விறகை எடுத்துவிடுங்கள். குழிக்குள் இரண்டு தட்டு அடித்துப் புத்தகம் வையுங்கள், செடிச்சட்டி வையுங்கள். விளம்பரத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். அறைக்கு மின்சார ஹீட்டரும் தடித்த கம்பளியும் கொடுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. திறந்த பயர்பிளேஸின் வெப்பத்தில் பெரும்பகுதி சிமினி வழியாகத்தான் போகிறது என்பது அதைக் கட்டியவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான்.

அலங்காரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1876இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இன்றும் பயர்பிளேஸ் எரிகிறது. கல்லைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்தாலே பாதி அழகு வந்துவிடும். சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள். மேல்தட்டில் பத்துப் பொருளுக்குப் பதிலாக இரண்டு வையுங்கள். டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். கழுத்தும் நோகாது. கதிரைகளை நெருப்பைச் சுற்றி, ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி போடுங்கள். உம்மா, வாப்பா, பிள்ளைகள் ஒரே இடத்தில் இருந்து பேசுவார்கள். எவ்வளவு காசு போட்டுச் செய்த டிவிச் சுவரும் தராத அழகு அது.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புக் பண்ணும்போது "வைஃபை இருக்கா, பார்பிகியூ இருக்கா" என்று கேட்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: சிமினி திறந்திருக்கிறதா? கடைசியாக எப்போது துப்புரவாக்கினீர்கள்? காபனோரொட்சைட்டு அலாரம் இருக்கிறதா? வீட்டுக்காரர் மழுப்பினால் அந்தப் பயர்பிளேஸைத் தொடாதீர்கள். யார் கொண்டுவந்து வைத்தாலும் கரித் தட்டை அறைக்குள் விடாதீர்கள். அடுப்படிக்குப் பக்கத்து அறையில் கரித் தட்டோடு படுக்கிற வாச்சருக்கும் இதைச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு கம்பளி வேண்டும்.

வீட்டுக்காரர்களே, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் குழிக்குள் தலையை நீட்டி மேலே பாருங்கள். வானம் தெரிந்தால் துப்புரவாக்க ஆள் கூப்பிடுங்கள். தெரியாவிட்டால், ஏன் என்று கண்டுபிடிக்கும் வரை அந்த விறகை எடுத்து வெளியே போடுங்கள்.