மீத்தேனைப் பிடிக்கப் பணம் இருக்கிறது, மலக்குழிக்கு ஏன் இல்லை?

மீத்தேன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காவிரி டெல்டா. நிலத்தடி மீத்தேனை எடுக்கும் திட்டத்தை எதிர்த்து உழவர்கள் போராடியதும், அந்தப் பிரச்சாரத்தின்போதே 2013 டிசம்பரில் நம்மாழ்வார் உயிர்நீத்ததும் நமக்குத் தெரியும். ஆனால் இதே வாயு மலக்குழியிலும், பாதாளச் சாக்கடையிலும், தோல் ஆலைகளின் கழிவுத் தொட்டியிலும், குப்பைமேட்டிலும் இருக்கிறது. அந்த இடங்களில் யார் வேலை செய்கிறார்கள் என்று சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

காற்றுப் புகாத இடத்தில் கழிவு அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் உருவாகிறது. மீத்தேன் ஆக்சிஜனை வெளியேற்றும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு சில மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்று நாளிதழின் ஓரத்தில் வரும் செய்திக்குள் இருப்பவை இந்த வாயுக்கள்தான். அதே மீத்தேன் வளிமண்டலத்துக்குப் போனால், 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மேலே போனால் காலநிலைப் பிரச்சினை, அதற்கென மாநாடும் நிதியும் உண்டு. கீழே தங்கினால் நம் மக்களின் சாவு, அதற்கு இழப்பீட்டுக் காசோலையோடு கதை முடிகிறது.

மீத்தேனைக் குறைக்க அரசு செலவிடுவதை நாம் எதிர்க்கவில்லை. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது தாழ்வான இடத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட நம் குடியிருப்புகள்தான். வெயிலில் முதலில் சுருண்டு விழுபவர்கள் விவசாயக் கூலிகளும் தூய்மைப் பணியாளர்களும்தான். நம் கேள்வி, எந்தத் திட்டத்துக்குப் பணம் போக வேண்டும் என்பதை எந்த அளவுகோலால் முடிவு செய்கிறார்கள் என்பது.

ஒன்றிய அரசு 2022 நவம்பரில் தேசிய உயிரி ஆற்றல் திட்டத்தை அறிவித்தது. முதல் கட்ட ஒதுக்கீடு ரூ. 858 கோடி. அதில் ரூ. 600 கோடி கழிவிலிருந்து ஆற்றல் எடுக்கும் திட்டங்களுக்கு. புதிதாக அமைக்கும் அழுத்தப்பட்ட உயிரிவாயு ஆலைக்கு, நாளொன்றுக்கு 4,800 கிலோ உற்பத்தித் திறனுக்கு ரூ. 4 கோடி என்ற விகிதத்தில் மானியம் அறிவித்தார்கள். ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு ரூ. 10 கோடி. அதாவது மானியத்தின் அளவுகோல் உற்பத்தித் திறன்.

சாக்கடைத் தொழிலாளர்களைப் பாதுகாத்து இயந்திரமயமாக்கும் ‘நமஸ்தே’ திட்டத்துக்கு நாடு முழுமைக்கும் மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டது ரூ. 349.70 கோடி. இந்தத் திட்டத்தின் கீழ் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர் என்பது அரசின் சொந்தக் கணக்கு. வாயு ஒன்றுதான், கழிவு ஒன்றுதான். ஆனால் கோப்புகள் வேறு வேறு அமைச்சகங்களில் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை.

‘குறைந்த செலவில் அதிக டன் மீத்தேனைக் குறைக்கும் திட்டத்துக்கே முன்னுரிமை, அதுதானே நியாயம்?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி சரியானதுதான். ஆனால் அந்தக் ‘குறைந்த செலவு’ எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். உயிரிவாயுக் கலனின் அடியில் சேறு படியும். ஒரு நாள் அதைத் திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆள் இறங்காமல் சேற்றை எடுக்கும் வடிவமைப்புக்குச் செலவு கூடும். அந்தச் செலவை மிச்சம் பிடித்தால் ஒரு டன்னுக்கு ஆகும் செலவு குறையும், திட்டம் பட்டியலில் மேலே ஏறும். மிச்சம் பிடித்த அந்தப் பணம் ஒப்பந்தக்காரர் அழைத்துவரும் கூலியின் உயிரில் கழிக்கப்படுகிறது. பெரிய உயிரிவாயுக் கலன் என்பது பெரிய மலக்குழியும்கூட.

சட்டமும் இங்கே நமக்கு முழுத் துணையாக இல்லை. 2013ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் பேசுவது பாதாளச் சாக்கடையையும் மலக்குழியையும் பற்றி. தொழிற்சாலைக் கழிவுத் தொட்டி அதில் பெயர் சொல்லி இல்லை. அதற்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் பிரிவு 36 இருந்தது. சாக்கடை மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014இல் ரூ. 10 லட்சம் என்று உறுதிசெய்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் ரூ. 30 லட்சமாக உயர்த்தியது. தொழிற்சாலைத் தொட்டியில் செத்தவரின் குடும்பம் அதைக் கேட்டால், ‘இது அந்தச் சட்டத்தில் வராது’ என்று சொல்ல நிர்வாகத்துக்கு ஒரு வழி இருக்கிறது.

அரசுப் பணத்தில் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரிப்பது நமக்குப் புதிதல்ல. தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஒன்றிய, மாநில அரசுகள் பல ஆண்டுகளாக மானியம் தந்திருக்கின்றன. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் அப்படியொரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, இரவில் அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அதில் பலர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘கழிவு சுத்தமாகிறதா’ என்று மட்டும் கேட்டு, ‘பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள்’ என்று கேட்காத திட்டத்தின் விளைவு இது.

இன்னொரு பக்கம் சேலம், நாமக்கல் வட்டாரத்து சேகோ ஆலைகளைப் பாருங்கள். மாவுக் கழிவுநீர் திறந்த குட்டைகளில் அழுகி மீத்தேனை வெளியேற்றும். அதே கழிவுநீரை மூடிய கலனில் விட்டால் எரிவாயு கிடைக்கும், விறகுச் செலவும் மின்கட்டணமும் குறையும். பல ஆலைகள் இதைச் செய்தும் இருக்கின்றன. முதலாளிக்கே லாபம் தரும் வேலைக்கு இலவச மானியம் எதற்கு? கடன் போதும், கட்டாயமாக்கும் விதி போதும். மானியம் போக வேண்டியது லாபம் வராத இடத்துக்கு, அதாவது நகராட்சியின் பழைய மலக்குழிகளுக்கும், குப்பைமேட்டு ஓரத்துக் குடியிருப்புகளுக்கும்.

குப்பைமேடு என்றால் கொடுங்கையூர். வடசென்னை உழைக்கும் மக்களின் முற்றத்தில் பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பை கொட்டப்படுகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தபோது சென்னை முழுக்கப் பேசியது. கொடுங்கையூரின் புகையை அங்குள்ளவர்கள் மட்டும்தான் பேசினார்கள். இப்போது அங்கேயே எரிஉலை வைத்தால் தீர்வு என்கிறார்கள். மீத்தேனின் பெயரைச் சொல்லி அதே மக்களின் மூச்சில் வேறு நச்சைக் கலப்பது தீர்வாகாது. மக்கும் குப்பையைத் தொடக்கத்திலேயே பிரித்தால் மேட்டில் மீத்தேன் உருவாவதே குறையும்.

ஆகவே அரசுப் பணம் கேட்கும் ஒவ்வொரு மீத்தேன் திட்டத்துக்கும் நாம் வைக்கும் நிபந்தனைகள் இவை:

1. கலனுக்குள் ஆள் இறங்கத் தேவையில்லாத வடிவமைப்பு. அது இல்லையென்றால் விண்ணப்பத்தையே ஏற்கக் கூடாது.

2. அரசு நிதி பெறும் எந்தத் தொட்டியில் மரணம் நேர்ந்தாலும் ரூ. 30 லட்சத்துக்குக் குறையாத இழப்பீடு, மானியத்தைத் திரும்பப் பெறுதல், உரிமையாளர் மீது வழக்கு. ஒப்பந்தக்காரரைக் காட்டித் தப்பிக்க முடியாதபடி இது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

3. ஆலை அமையும் இடத்தை அந்தப் பகுதி மக்கள், குறிப்பாக சேரி மக்கள், பங்கேற்கும் வெளிப்படையான கூட்டத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

4. இந்தக் கழிவில் இதுவரை வேலை செய்தவர்களுக்குப் பயிற்சியோடு நிரந்தர வேலை. இயந்திரம் வந்ததும் அவர்களைத் தெருவில் விடக் கூடாது.

5. பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கான துணைத்திட்ட நிதியில் ஒரு ரூபாய்கூட இதற்குத் திருப்பக் கூடாது. ‘பொதுப் பயன்’ என்று சொல்லி அந்த நிதியை எடுக்கும் பழக்கத்தைத் தடுக்க 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதை நாம் பயன்படுத்த வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மாவட்டத்தில் மானியம் பெற்ற உயிரிவாயு ஆலைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கலனைக் கடைசியாகச் சுத்தம் செய்தது எப்போது, யார் செய்தார்கள், எந்தக் கருவியால் செய்தார்கள் என்று தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தால் அதுவும் சான்றுதான். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்கும் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்கும் போவோம். எத்தனை டன் வாயு பிடித்தார்கள் என்று கணக்கு வைத்திருக்கும் அரசு, அதைப் பிடிக்க எத்தனை பேரை உள்ளே இறக்கியது என்ற கணக்கையும் நமக்குச் சொல்லியாக வேண்டும்.